விடுதியின் அவசரப் படிக்கட்டு: பெயிண்ட் அடித்தால் போதுமா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்களுக்குத் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடம் இருக்கிறது. பெண்கள் விடுதி நடத்த வாடகைக்கு விட்டிருக்கிறோம். பின்புறம் உள்ள இரும்புப் படிக்கட்டு துருப்பிடித்திருக்கிறது. திருட்டுப் பயத்தால் ஒவ்வொரு மாடியிலும் கிரில் கதவு போட்டு, விடுதி நடத்துபவர் பூட்டி வைத்திருக்கிறார். பெயிண்ட் அடித்துவிட்டால் ஆய்வுக்குப் போதுமா? இதற்கெல்லாம் பொறுப்பு நாங்களா, அவரா?

பதில்: போதாது. துருவைப் பிறகு பார்ப்போம். இன்று மாலைக்குள் அந்தப் பூட்டுகளை எடுக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கட்டடங்களில் உள்படிக்கட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மின் மீட்டர் போர்டு, இன்வெர்ட்டர் பேட்டரி, நாலைந்து ஸ்கூட்டி. தீ பிடிக்க அதிக வாய்ப்புள்ள இடமே அதுதான். பிடித்தால் புகை அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும். முதலில் அடைபடுவது நீங்கள் நம்பியிருக்கும் வழியே. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனை ஒன்றில் பிடித்த தீயில் ஆறு பேர் இறந்தார்கள்; லிஃப்டுக்குள் சிக்கியவர்களைப் புகைதான் கொன்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் பெண்கள் விடுதியில் தீப்பிடித்தது அதிகாலையில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த வேளையில். அந்த நேரத்தில் வார்டன் அறைக்குப் போய்ச் சாவி எடுத்து வர யாராலும் முடியாது. ஆணியில் தொங்கும் சாவியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாவியும்கூட எனக்கு ஏற்புடையவை அல்ல.

திருட்டுப் பயம் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது. வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லாத, உள்ளிருந்து தள்ளினால் வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவைப் போடுங்கள். குறுக்கே ஒரு கம்பி இருக்கும். உடம்பால் மோதினாலே திறந்துவிடும். 'பேனிக் பார்' என்று கேட்டால் கிடைக்கும். கதவு திறந்தால் அலறும் பேட்டரி அலாரத்தையும் சேர்த்துவிட்டால் திருடனும் வர முடியாது, நள்ளிரவில் யாரும் தெரியாமல் வெளியே போகவும் முடியாது. விடுதியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை அழைத்து, விளக்குகளை அணைத்துவிட்டு, "இந்த வழியாகக் கீழே போம்மா" என்று சொல்லிப் பாருங்கள். கதவைத் தேடித் தடுமாறினால் ஒளிரும் பலகையும், மின்சாரம் போனாலும் எரியும் விளக்கும் அங்கே தேவை.

அடுத்து, படி இறங்கினால் எங்கே போய்ச் சேர்கிறோம்? பல கட்டடங்களில் காம்பவுண்டுச் சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்தில் படிக்கட்டு முடிந்துவிடும். அங்கேயே சமையலறை ஜன்னல், படிக்கு அடியில் கேஸ் சிலிண்டர்கள். இது தப்பிக்கும் வழி ஆகாது. சிலிண்டர்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள். படிக்கட்டைப் பார்த்திருக்கும் ஜன்னலைச் செங்கல் வைத்து மூடுங்கள். அதன் வழியே வரும் தீ படிக்கட்டைச் சூடாக்கும்; வெறும் இரும்பு 550 டிகிரி செல்சியஸ் அளவிலேயே பாதி வலிமையை இழந்துவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றையும் மறக்க வேண்டாம்: படிக்கட்டு கட்டடத்தின் கிழக்குப் பக்கம் இருந்தால் புகை அதன்மேல்தான் கவியும். சந்திலிருந்து தெருவுக்குப் போகும் வழியில் கதவு இருந்தால் அதற்கும் பூட்டு கூடாது.

இப்போது துருவுக்கு வருகிறேன். கண்ணில் படும் துருவைவிடப் படாத துருதான் ஆபத்து. படித்தகட்டின் அடிப்பக்கம், வெல்டிங் ஓரங்கள், சுவருக்குள் புதைந்திருக்கும் கொக்கிகள், தரையில் காங்கிரீட்டுக்குள் நுழையும் இரண்டு கால்கள் ஆகியவற்றைப் பாருங்கள். மழைநீர் தேங்குகிற இடம் என்றால், அந்தக் கால்களைச் சுற்றி நாலு அங்குலம் தோண்டிப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலித்தால் பெரும்பாலும் இரும்பு திடமாக இருக்கிறது. பொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ அந்தத் துண்டை வெட்டி மாற்றத்தான் வேண்டும். அதன்மேல் பெயிண்ட் அடிப்பது குறையை மூடி மறைப்பதாகிவிடும். ஆட்களை ஏற்றி நிறுத்திப் பலத்தைச் சோதிக்கவே வேண்டாம். அதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் விட்டு, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

அளவுகளையும் டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வெளிப்புற அவசரப் படிக்கட்டுக்குச் சொல்வது: அகலம் குறைந்தது 125 செ.மீ., படியின் மிதிபரப்பு 25 செ.மீ., உயரம் 19 செ.மீ.க்கு மிகாமல், கைப்பிடி ஒரு மீட்டருக்குக் குறையாமல், சாய்வு 45 டிகிரிக்கு மேல் போகாமல். இடம் மிச்சம் என்று பலர் வைக்கும் சுழல் படிக்கட்டை ஆட்கள் குறைவாக உள்ள, 9 மீட்டருக்கு மிகாத கட்டடத்துக்குத்தான் அனுமதிக்கிறார்கள். மூன்று மாடி விடுதிக்கு அது உதவாது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதுதான் உயரக் கட்டடம். ஆகவே நமக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பெண்கள் விடுதிக்கு 2014ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். அதற்குத் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் சான்றும், கட்டட உறுதிச் சான்றும் தேவை. கட்டடம் எத்தனை உயரம் என்பது இங்கே கேள்வியே இல்லை. உரிமம் விடுதி நடத்துபவர் பெயரில் இருக்கலாம். ஆனால் படிக்கட்டும் சுவரும் உங்களுடையவை; அசம்பாவிதம் நடந்தால் கேள்வி உங்களிடமும் வரும். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: படிக்கட்டின் பலத்துக்கு உரிமையாளர் பொறுப்பு, வழியை அடைக்காமல், பூட்டாமல் வைப்பது நடத்துபவரின் பொறுப்பு, மீறினால் ஒப்பந்தம் ரத்து. முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்கும் உரிமையையும் எழுதி வாங்குங்கள். அந்த உரிமையைப் பயன்படுத்தவும் வேண்டும். காலி வாட்டர் கேன்களும் பழைய மெத்தைகளும் முதலில் ஒதுங்குவது அந்தப் படிக்கட்டில்தான்.

பழுது வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். வெல்டிங் தீப்பொறி கீழே விழுந்து பிடித்த தீயும் உண்டு. எனவே பெண்கள் ஊருக்குப் போயிருக்கும் விடுமுறை நாட்களில், கீழே சிலிண்டரும் துணிக்கொடியும் இல்லாதபடி பார்த்து, ஒரு ஆளைத் தண்ணீர் வாளியுடனும் தீயணைப்பானுடனும் நிறுத்திச் செய்யுங்கள். வேலை முடிந்த பிறகும் அவர் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கட்டும்.