பழைய வால்வ் அம்ப் வாங்கப் போகிறீர்களா? கேட்டவையும் என் பதில்களும்

நான் வியாபாரி இல்லை. மட்டக்களப்பில் பல வருடமாகப் பைலாவுக்கும் கோயில் பாட்டுக்கும் கிட்டார் வாசிக்கிறவன். பழைய வால்வ் அம்ப்களை, அதாவது கண்ணாடிக் குழாய் (வால்வ்) வைத்துக் கிட்டார் சத்தத்தைக் கூட்டும் பெட்டிகளை, திறந்து பார்க்கிற பைத்தியமும் உண்டு. கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்முனையிலிருந்து: மாமா அமெரிக்காவிலிருந்து 1960களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கொண்டுவருகிறார். பிளக்கை மாற்றினால் போதுமா, அண்ணன்?

ஐயோ தம்பி, வேண்டாம். அது 117 வோல்ட்டுக்குச் செய்த சாமான், நம் வீட்டுக் கரண்ட் 230. என் முதல் அம்பை அப்படித்தான் செருகினேன். புகை வந்த பிறகுதான் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வாங்குங்கள். அம்ப் இழுக்கிற வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். இன்னொன்று: அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை துடிக்கும்), இங்கே 50. ஸ்டெப் டவுன் அதை மாற்றாது. அதனால் அம்பின் உள் ட்ரான்ஸ்ஃபோமர் கொஞ்சம் கூடச் சூடாகும். ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு அதன் மூடியில் கை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாவிட்டால் நிறுத்துங்கள்.

அந்தக் காலத்து இரண்டு கம்பி வயரையும் மாற்ற வேண்டும். அதனோடு உள்ளே ஒரு சின்னக் கப்பாசிட்டர் (கரண்டைச் சேமிக்கிற பாகம்) மெயின் கரண்டிலிருந்து சேஸிக்கு, அதாவது அம்பின் இரும்புச் சட்டத்துக்குப் போகும். அது ஷோர்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே கரண்ட். வாய் மைக்கில், கை கம்பியில் இருக்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதைக் கழற்றிவிட்டு, ஏர்த்தோடு மூன்று பின் போடச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: ஜப்பான் அம்ப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அமெரிக்க அம்புக்குப் போடுகிற அதே 110 வோல்ட் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் சரிவருமா?

ஜப்பானில் 100 வோல்ட். 110 கொடுத்தால் வேலை செய்யும், ஆனால் வால்வ் இழை பத்து வீதம் கூட எரியும், ஆயுள் குறையும். 100 வோல்ட் தருவதையே தேடுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: விற்கிறவர் "1965" என்கிறார். நம்பலாமா?

அவரை விடுங்கள், அம்பின் சொந்த ட்ரான்ஸ்ஃபோமரைப் பாருங்கள். ஃபெண்டரில் 606 என்று தொடங்கும் எண் இருந்தால் அது ஷூமாக்கர் கம்பனி செய்தது. 606-5-34 என்றால் ஐந்தில் முடிகிற வருடத்தின் 34ஆவது கிழமை. ஸ்பீக்கரில் எண் 220 என்று தொடங்கினால் ஜென்சன் கம்பனி, 465 என்றால் ஒக்ஸ்ஃபோர்ட். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, விலையைக் குறைக்க நல்ல சாட்டு.

கல்லடியிலிருந்து: வால்வ் பழசு என்று பயமாக இருக்கிறது.

எல்லாரும் வால்வுக்குத்தான் பயப்படுகிறார்கள். 6வி6, இஎல்84, 12ஏஎக்ஸ்7 எல்லாம் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், ஓர்டர் பண்ணி எடுக்கலாம். அசல் ட்ரான்ஸ்ஃபோமர் போனால்தான் கைக்காசு போகும். உங்கள் பக்கம் கடல் காற்று வேறு. வால்வ் சொக்கட்டில் பச்சை பூத்திருக்கும், கொன்டாக்ட் கிளீனர் போட்டால் சரியாகும். ஸ்பீக்கர் கூம்பு கிழிந்ததா என்றும் பாருங்கள்.

ஓவென்று இரைந்தால் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். ஐம்பது வருடம் மாற்றாதிருந்தால் இரையாவிட்டாலும் மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், நீங்களே உள்ளே கையை விடாதீர்கள்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஓன் பண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்புகிற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் போய்விடும்.

வீட்டில் பழக 30 வாட்ஸ் வொக்ஸ் ஏசி30 எடுக்கவா?

பக்கத்து வீட்டாரோடு சண்டையா? 15 வாட்ஸ் வால்வே மண்டபத்துக்குக் காணும். ஏசி30ஐ இரண்டு பேர் தூக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கும் இடத்திலேயே என்ன செய்து பார்க்க?

அரை மணி நேரம் ஓட விடுங்கள். சில கோளாறு சூடான பிறகுதான் வரும். அப்புறம் ஒரு பென்சிலால் சின்ன வால்வுகளை மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணிபோலக் கிணுங்கினால் அந்த வால்வ் மாற்ற வேண்டியது.