செடி காய்ந்தால் போனுக்குச் செய்தி: எதை வாங்குவது?

கேள்வி: பால்கனியில் பன்னிரண்டு தொட்டிகள் இருக்கின்றன. அடிக்கடி வெளியூர் போகிற வேலை. மண் காய்ந்தால் போனுக்குச் செய்தி வர வேண்டும். ரெடிமேடு செடி சென்சார் வாங்கலாமா, பாகங்களை வாங்கி நானே செய்யலாமா? சாலிடரிங் கொஞ்சம் தெரியும்.

பதில்: செய்தி வந்ததும் தண்ணீர் ஊற்ற யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால், வெளியூரில் உட்கார்ந்து செடி வாடுவதை உடனுக்குடன் தெரிந்துகொள்ளத்தான் காசு கொடுக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் சரி, மேலே பேசலாம்.

கடையில் விற்கும் செடி சென்சார்களில் நிறைய புளூடூத் வகைதான். ஒரு பட்டன் செல்லில் மாதக்கணக்கில் ஓடும், பார்க்கவும் அழகு. ஆனால் புளூடூத் எட்டுவது சில மீட்டர்தான். போன் உங்களோடு ஊருக்குக் கிளம்பிவிட்டால் சென்சார் பேசுவதைக் கேட்க வீட்டில் ஒன்றும் இருக்காது. அதற்கு கேட்வே என்று ஒரு பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். 'போனில் அலர்ட்' என்பது அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். கேட்வே விஷயம் பொடி எழுத்தில் இருக்கும். வாங்குமுன் இன்னொன்றும் கேளுங்கள்: கம்பெனியின் சர்வர் நின்றுபோனாலும் இது வேலை செய்யுமா? தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்குச் சாலிடரிங் தெரியும் என்பதால், நீங்களே செய்யுங்கள் என்பேன். இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை) ஒன்று, உலோகம் மண்ணைத் தொடாத கெப்பாசிட்டிவ் வகை ஈரப்பத சென்சார்கள், பழைய போன் சார்ஜர் ஒன்று, அவ்வளவுதான். சென்சார் தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி என்ற பகுதி அந்தச் சிப்பில் இரண்டு உண்டு. வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியின் பின்களை, அதாவது கம்பி இணைக்கும் கால்களை, நம்ப முடியாது. முதல் ஏடிசியில் போர்டில் வழக்கமாகக் கைக்குக் கிடைப்பது ஆறு பின், அதாவது ஆறு தொட்டி. ஆனால் பன்னிரண்டுக்கும் சென்சார் எதற்கு? முதலில் வாடும் இரண்டு மூன்று தொட்டிகள் எவை என்று உங்களுக்கே தெரியும். அவற்றுக்கு மட்டும் வையுங்கள். முதலில் ஒரே ஒரு சென்சார் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

இஎஸ்பி32 போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இணையும்; அந்த சிக்னல் பால்கனி வரை எட்டுகிறதா என்று போனை வைத்துப் பாருங்கள். செய்தி அனுப்ப டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) போதும், இலவசம். அதன் டோக்கன் கடவுச்சொல் மாதிரி. உதவி கேட்டு நிரலை யாருக்காவது அனுப்பும்போது அதை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

பேட்டரியில் ஓட்டும் ஆசை இருந்தால் ஒரு கணக்கு. வைஃபையோடு விழித்தே இருக்கும் போர்டு சுமார் 80 மில்லிஆம்ப் இழுக்கும். 2,500 மில்லிஆம்ப்-மணி செல் ஒன்றரை நாள்கூடத் தாங்காது. அளக்காத நேரத்தில் போர்டைத் தூங்கவைக்கும் 'டீப் ஸ்லீப்' போட்டாலும், பல போர்டுகளில் மின்னழுத்தத்தைச் சீராக்க இருக்கும் மலிவான ரெகுலேட்டர் மட்டுமே 5 மில்லிஆம்ப் அளவுக்குக் குடித்துவிடும், மூன்று வாரம்தான். பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

கேள்வி: இரண்டு கால் உள்ள ஈரப்பத சென்சார் ஐந்து வாங்கினேன். மூன்றே வாரத்தில் கால்கள் கறுத்து, அளவு தாறுமாறாக வருகிறது. ஈரத்தில் வைத்தது என் தவறு என்கிறார் விற்றவர்.

பதில்: மண் ஈரம் அளக்க என்று விற்ற பொருளை ஈர மண்ணில் வைக்காமல் எங்கே வைப்பதாம்? விற்பனைப் பக்கத்தின் விவரத்தையும் படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கறுத்துப்போன கால்களின் படத்தோடு எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆனால் மாற்றுப் பொருளாக அதே வகையைக் கேட்காதீர்கள். அந்தக் கால்கள் வழியே மண்ணுக்குள் மின்சாரம் ஓடுகிறது. மின்பகுப்பில் உலோகம் கரைகிறது. எப்போதும் மின்சாரம் கொடுத்து வைத்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

கெப்பாசிட்டிவ் வகையில் உலோகம் மண்ணைத் தொடாது. அதிலும் பார்த்து வாங்க வேண்டும். மேலே இருக்கும் குட்டிச் சிப்பில் டிஎல்சி555 என்று இருந்தால் நல்லது. என்இ555 என்றால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், இஎஸ்பி32 போர்டு தரும் 3.3 வோல்ட்டில் தகராறு செய்யும். பலகையின் வெட்டுவாய் வழியே தண்ணீர் உறிஞ்சும், அதனால் ஓரங்களில் இரண்டு கோட் நகப்பூச்சு அடித்துவிடுங்கள். கோடு போட்டிருக்கும் இடத்துக்கு மேல் மண்ணோ தண்ணீரோ ஏறக் கூடாது.

அப்புறம் அளவு சரிபார்ப்பது. ஒரே பாக்கெட்டில் எனக்கு வந்த இரண்டில் ஒன்று காற்றில் 2,700 சொச்சம் காட்டியது, இன்னொன்று 2,500ஐத் தாண்டவில்லை. எண் ஏறினால் மண் காய்கிறது, இறங்கினால் ஈரம். இணையத்தில் யாரோ கொடுத்த எண்ணை நிரலில் போடாதீர்கள். உங்கள் தொட்டியில் நன்றாக ஊற்றி வடிந்தபின் ஒரு எண், விரலை விட்டுப் பார்த்து "இப்போது ஊற்றலாம்" என்று தோன்றும்போது ஒரு எண், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்சாரைச் சுற்றி மண்ணை நன்றாக அழுத்துங்கள். இடைவெளியில் காற்று இருந்தால் ஈர மண்ணையும் காய்ந்தது என்று சொல்லும்.

கேள்வி: ஒரே இரவில் 40 அலர்ட். எரிச்சலில் அணைத்து வைத்தேன். திரும்பப் போட்டபின் ஒரு வாரம் சத்தமே இல்லை, செடி செத்துவிட்டது!

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு. முதலாவது, எல்லைக்கோட்டின் மேலேயே அளவு ஆடிக்கொண்டிருந்தது. பத்து முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். அதை ஈரத்தின் சதவீதமாக மாற்றி, 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரு செய்தி, பிறகு 45ஐத் தாண்டி மறுபடி இறங்கினால்தான் அடுத்தது என்று வையுங்கள். மணிக்கு ஒரு தடவை அளந்தால் தாராளம்.

இரண்டாவதுதான் ஆபத்து. கரண்ட் போன போர்டு "நான் செத்துவிட்டேன்" என்று செய்தி அனுப்பாது. தினம் காலையில் ஈரத்தின் அளவோடு ஒரு செய்தி வரும்படி வையுங்கள். அது வராத நாளில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: மண்ணின் தழை, மணி, சாம்பல் சத்தையும் காட்டும் சென்சார் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மலிவாகக் கிடைப்பவை மண்ணின் மின்கடத்துதிறனை அளந்து மூன்று எண்களை ஊகித்துக் காட்டுபவை. உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சத்து ஏறியதாகச் சொல்லும்.