ஐஸ் தள்ளுகிறவர்கள்

வணக்கம் சார்,

மெக்சிகோ நகரத் தெருக்களில் ஐஸ் கட்டியைத் தள்ளிக்கொண்டே போன கலைஞரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வீடியோவையும் பார்த்தேன். என் அப்பா காசிமேட்டில் இருபது வருஷம் ஐஸ் பார் இழுத்தவர். இடுப்பு போய் இப்போது வீட்டோடு இருக்கிறார். ஒரு நாள் தள்ளினவர் கலைஞர் என்றால் என் அப்பா யார்? அவரிடம் இதைக் காட்டலாமா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் நியாயம்தான். ஆனால் இரண்டு ஐஸும் ஒன்றில்லை. காசிமேட்டில் விடியற்காலையில் பார்த்திருக்கிறேன், கொக்கியை மாட்டி ஈரத் தரையில் பாரை இழுக்கிற அந்த வேகத்தை. அங்கே சொட்டச் சொட்ட நஷ்டம். மீனோடு சேர்ந்துவிட்டால் அப்புறம் கரையட்டும், அதன் வேலை அதுதான். நீங்கள் வீடியோவில் பார்த்த கலைஞர் ஃபிரான்சிஸ் ஆலீஸ் 1997ல் செய்தது இதற்குத் தலைகீழ். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தள்ளினார். முதலில் குனிந்து, முழு பலத்தையும் கொடுத்து. கடைசியில் மிஞ்சிய துண்டைக் காலால் எத்திக்கொண்டு. தரையில் ஈரம் மட்டும் நின்றபோதுதான் அவர் வேலை முடிந்தது. நாளெல்லாம் உழைத்தும் கையில் ஒன்றும் தங்காத அந்த ஊர்க்காரர்களைத்தான் அவர் காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் 'ஒரு நாள்' என்று நீங்கள் குத்தியது சரியான இடத்தில்தான் குத்துகிறது.

உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் நான் வேறொருவரை உட்கார வைப்பேன். மியர்ல் லாடர்மன் யூகலிஸ் என்கிற அமெரிக்கப் பெண் கலைஞர். குழந்தை பிறந்த பிறகு, 1969ல், வீட்டில் கழுவுவதும் துடைப்பதும்தான் இனி என் கலை என்று அறிக்கை எழுதியவர். 1973ல் ஹார்ட்ஃபோர்டில் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளை மணிக்கணக்காகக் கழுவினார். பிறகு நியூயார்க்கின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களைத் தேடிப்போய்க் கை கொடுத்து நன்றி சொன்னார்.

எங்கள் ராயபுரம் வீட்டு ஜன்னல் கட்டையில் கரித்தூள் படியும். அம்மா காலையில் துடைத்தால் சாயங்காலம் அதில் விரலால் பெயர் எழுதலாம். நானும் எழுதுவேன், அடியும் வாங்குவேன். "மறுபடி படியத்தானே போகுது?" என்றால், "உன் சோத்துல படிஞ்சா தெரியும்" என்பார். அம்மா செய்ததை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வீடியோவைக் காட்டுங்கள். சாக்குகூடச் சுற்றாமல் வெயிலில் ஏன் தள்ளுகிறான் என்றுதான் முதலில் கேட்பார். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.