டயலின் இடது ஓரம்

அன்புள்ள சார்,

சியாட்டிலில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுப் போன ஆண்டு வேலை மாற்றலில் ஹூஸ்டனுக்கு வந்தோம். சியாட்டிலில் காரில் ஏறினால் 90.3, கேஇஎக்ஸ்பி. ஒரு மணி நேரத்துக்குள் பழைய பங்க், ஐஸ்லாந்துக் குழு, மாலி நாட்டு கிதார், உள்ளூர்ப் பையன்களின் முதல் பாட்டு எல்லாம் வந்துவிடும். இங்கே ராக் என்று தேடினால் இரண்டு மூன்று நிலையங்கள்தான். அவற்றிலும் எல்லோருக்கும் மனப்பாடமான அதே பாடல்கள். பழைய ராக் நிலையம் ஒன்று இருந்ததாம், அந்த இடத்தையும் ஸ்பானிஷ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ரசனை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மழையும் புத்தகக் கடையுமாக இருக்கிற ஊருக்கு நல்ல வானொலி, எண்ணெய்க் கம்பெனி ஊருக்கு இதுதான். சரிதானா? சென்னை எஃப்எம்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதற்கும் இதுதான் காரணமா? என் மகனுக்குப் பதினான்கு வயது, கிதார் கற்கிறான். அவனுக்காக சாட்டிலைட் ரேடியோ சந்தா கட்டலாமா?

எஸ்., ஹூஸ்டன்

அன்புள்ள எஸ்.,

ரைஸ் பல்கலைக்கழகத்தில் சேரப்போகும் நண்பரின் மகளிடம் சென்ற வாரம்தான் ஹூஸ்டன் வானொலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சேரப்போகும் இடத்தில் ஒரு காலத்தில் எப்பேர்ப்பட்ட நிலையம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஆற்றாமை தீர்வதற்குள் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

ஊரின் ரசனை என்ற பேச்சை முதலில் விடுங்கள். மழையால் சியாட்டிலில் ராக் வளர்ந்தது என்பதைப் பத்திரிகைகள் எழுதி எழுதி உண்மைபோல ஆக்கிவிட்டன. சியாட்டிலின் ராக் குழுவான சவுண்ட்கார்டனின் கிதார் கலைஞர் கிம் தாயில், கேரளத்திலிருந்து போன பெற்றோரின் மகன். அங்குள்ள ராக் குழுக்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட சப் பாப் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் புரூஸ் பாவிட். இவர்கள் இரண்டு பேருமே வளர்ந்தது சிகாகோவுக்குத் தெற்கே பார்க் ஃபாரஸ்ட் என்ற புறநகரில். சியாட்டிலுக்குப் போனபோது அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி கேசிஎம்யூ இருந்தது, நீங்கள் கேட்ட கேஇஎக்ஸ்பியின் பழைய பெயர் அது. தாயில் தத்துவம் படித்துக்கொண்டே அதில் பாட்டுப் போட்டார். பாவிட்டும் போட்டார். சப் பாப்பின் இன்னொரு நிறுவனர் ஜொனாதன் போன்மனும் அங்கே டிஜேதான். மழை எல்லா ஊரிலும் பெய்கிறது. அந்த அறையும் மைக்கும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

அடுத்து, ஸ்பானிஷ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்ற வரி. அலுவலகத்தில் யாரோ சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். உங்களிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த நிலையம் 101.1, கேஎல்ஓஎல். 1970 முதல் ராக் போட்டது. 2004 நவம்பரில் அதை ஸ்பானிஷ் இசைக்கு மாற்றியது அதன் உரிமையாளரான கிளியர் சேனல் நிறுவனம். அப்போது நாட்டிலேயே மிகப் பெரிய வானொலி நிறுவனம், தலைமையகம் உங்கள் டெக்சாஸிலேயே சான் அன்டோனியோவில். விளம்பரப் பணம் எங்கே என்று கணக்குப் போட்டு மாற்றினார்கள். ஹூஸ்டனில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அவர்கள் மொழியில் பாட்டுக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லையா? நம் பிள்ளைகள் காரில் தமிழ்ப் பாட்டைச் சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பதைப் பற்றி நாம் எத்தனை கட்டுரை படித்திருக்கிறோம்! முதலாளி எடுத்த முடிவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் பழி போடாதீர்கள். இந்த ஒரு வரிக்காகவே கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றிருந்தது. மகனைப் பற்றி எழுதியிருந்ததால் அனுப்பவில்லை.

வணிக நிலையங்கள் ஏன் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருக்கின்றன என்பது சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடிய விஷயம். 1996இல் அமெரிக்காவில் தொலைத்தொடர்புச் சட்டம் மாறியது. அதுவரை நாடு முழுவதற்குமாக ஒரு நிறுவனம் நாற்பது நிலையங்களுக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது. சில ஆண்டுகளில் கிளியர் சேனலிடம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள். ஒரு ஊரில் உட்கார்ந்து பேசியதைப் பதிவுசெய்து பத்து ஊரில் ஓட்டுவது வழக்கமானது. எந்தப் பாட்டு வந்தால் கேட்பவர் நிலையத்தை மாற்றமாட்டார் என்று ஆராய்ந்து, அந்தச் சில நூறு பாடல்களையே சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். சியாட்டிலின் வணிக ராக் நிலையத்தை ஹூஸ்டனில் கொண்டுவந்து வைத்தால் விளம்பரத்தை வைத்துத்தான் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் சியாட்டிலில் அதைக் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது டயலின் இடது ஓரம். அமெரிக்காவில் எஃப்எம் வரிசையில் 88 முதல் 92 வரையிலான பகுதி வணிகமில்லாத நிலையங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள், பொது வானொலிகள், மத அமைப்புகள் அங்கே இருக்கின்றன. ஊருக்கு ஊர் ராக் வானொலி மாறுபடுகிறது என்றால் அது அந்த ஓரத்தில்தான். அந்த ஓரத்தில் யாரிடம் உரிமம் இருந்தது, அவர்கள் அதை வைத்துக்கொண்டார்களா விற்றார்களா என்பதுதான் கேள்வி. பெரிய நகரங்களில் அங்கே புதிதாக இடம் கிடையாது. போன அலைவரிசை போனதுதான்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது இருக்கும் ஊரில், 91.7இல், கேடிஆர்யூ என்று ஒரு நிலையம் இருந்தது. 1967இல் ரைஸ் மாணவர்கள் விடுதி அறையில் தொடங்கியது. தொண்ணூறுகளில் அதன் சக்தி ஐம்பதாயிரம் வாட். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள்.

நான் அப்போது ஹூஸ்டன் மெடிக்கல் சென்டரில் ஒரு ஆய்வகத்தில் இரவு வேலை பார்த்தேன். ரைஸ் வளாகம் சாலைக்கு அந்தப் பக்கம். வேலை முடிந்து 59ஆம் நெடுஞ்சாலையில் வீட்டுக்குப் போகும்போது டயலைத் திருப்பினால் அந்த நிலையம். காதைக் கிழிக்கும் கிதாருக்குப் பிறகு பழைய டெக்சாஸ் ப்ளூஸ், அப்புறம் ஏதோ ஜப்பானியக் குழு, நடுவில் பத்து வினாடி ஒன்றுமே இல்லாத மௌனம். ஒரு ராத்திரி ஒரு பாட்டின் பெயர் தெரிந்தே ஆகவேண்டும் என்று வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, அங்கிருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். குழுவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். ஊர்க் குழுதான், கேசட் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள் என்றாள். என் உச்சரிப்பைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தாள். உங்கள் ஊரில் இந்த அளவுக்குச் சத்தமாக ஏதாவது வாசிப்பார்களா என்று கேட்டாள். நாகஸ்வரம் என்றேன். கொண்டுவந்து கொடுங்கள், போடுகிறேன் என்றாள்.

கொடுத்தேன். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அடுத்த வாரம் பின்னிரவில், இரண்டு இரைச்சலான ராக் குழுக்களுக்கு நடுவில் அது வந்தது. முன்னறிவிப்பு இல்லை, விளக்கம் இல்லை. ஆலாபனையை இடையில் வெட்டவும் இல்லை. அந்த நேரத்தில் ஹூஸ்டனில் விழித்திருந்த லாரி ஓட்டுநர், நர்ஸ், சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளி யார் வேண்டுமானாலும் அதைக் கேட்டிருக்கலாம். யாரும் அதைத் தேடியிருக்கமாட்டார்கள் என்பதுதான் விஷயம். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

2000 நவம்பர் கடைசியில் பல்கலைக்கழக நிர்வாகம் அந்த நிலையத்தைப் பூட்டியது. விளையாட்டுப் போட்டிகளை ஒலிபரப்புவது பற்றிய தகராறு. மாணவர்கள் விடாமல் போராடித் திறக்கவைத்தார்கள். அப்போதே எனக்குப் பயம் வந்தது. 2010 ஆகஸ்டில் செய்தி வெளியானது: அலைவரிசை, உரிமம், கோபுரம் எல்லாம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 95 லட்சம் டாலருக்கு விற்பனை. நிலையத்தை நடத்திய மாணவர்களிடம் கலந்து பேசவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கை மாறியது. வாங்கியவர்கள் அதில் சாஸ்திரிய இசை போட்டார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 2016இல் அவர்களும் விற்றார்கள், அலைவரிசை ஒரு கிறிஸ்தவ இசை நிலையத்திடம் போனது.

நிர்வாகம் சொன்ன நியாயம் என்ன? சரியாகப் பயன்படாத சொத்து, கேட்பவர்கள் குறைவு, மாணவர்கள் இணையத்தில் ஒலிபரப்பிக்கொள்ளலாம். இந்த மூன்றாவது நியாயத்தைக் கேட்டு இன்றும் என் நண்பர்கள் தலையாட்டுகிறார்கள். நீங்களும் ஆட்டுவீர்கள், சாட்டிலைட் சந்தா பற்றிக் கேட்கிறவர்தானே. இணையத்தில் ஒன்றைக் கேட்க வேண்டுமானால் அது இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் தெரிந்ததைத் தேடிப் போவார்கள். டயல் அப்படியில்லை. விளம்பரம் வருகிறதே என்று எரிச்சலில் திருப்பும் கை ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. இசை தெரிந்த வீட்டில் பிறக்காத பிள்ளைக்கு, யாரும் வழிகாட்டாத பிள்ளைக்கு, சந்தா கட்ட அப்பா இல்லாத பிள்ளைக்கு, அந்தத் தற்செயல்தான் பள்ளிக்கூடம். அதை எடுத்துவிட்டு இணையத்தில் இருக்கிறதே என்று சொல்வது, நூலகத்தை மூடிவிட்டுப் புத்தகம் கடையில் கிடைக்கும் என்று சொல்வதற்குச் சமம். ஒரு பல்கலைக்கழகம் இதைச் செய்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கம்பெனி செய்தால் அது கம்பெனி. பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது?

ரைஸ் மட்டுமல்ல. 2011 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் தன் மாணவர் நிலையம் கேயூஎஸ்எஃப்பை ஒரே காலையில் நிறுத்தியது. அதே ஆண்டு நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் மாணவர்களின் 91.1 போனது. இரண்டு ஊரிலும் அந்த இடத்தில் சாஸ்திரிய இசை. மேற்கத்திய சாஸ்திரிய இசையை நான் விரும்பிக் கேட்பவன். ஆனாலும் ஊர் ஊராக மாணவர்களை வெளியே அனுப்பித்தான் அதற்கு இடம் பண்ண வேண்டுமா?

உங்கள் சியாட்டிலில் நடந்தது வேறு. அங்கேயும் எல்லாம் சுமுகமாக இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேசிஎம்யூ நிர்வாகத்துக்கும் தன்னார்வ டிஜேக்களுக்கும் பெரிய சண்டை, ஆட்களை நீக்கினார்கள், நேயர்கள் பணம் தரமாட்டோம் என்று நின்றார்கள், நீதிமன்றம் வரை போனது. ஆனால் அலைவரிசையை யாரும் விற்கவில்லை. 2001இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் பணம் கொடுத்தார், பெயர் கேஇஎக்ஸ்பி ஆனது. பிறகு நேயர்கள் தாங்கினார்கள். 2024இல் அந்த நிலையம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் 92.7இல் வரத் தொடங்கியது. சொந்த மாணவர் நிலையத்தை இழந்த ஊருக்கு இப்போது பாட்டு சியாட்டிலிலிருந்து வருகிறது. அங்கே நல்ல டிஜேக்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ பையன் தன் கேசட்டை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவான்?

நேயர்கள் தாங்கினார்கள் என்றேன். ஒன்பது வருடம் கேட்டீர்களே, கேஇஎக்ஸ்பி நிதி கேட்கும் வாரங்களில் பணம் அனுப்பினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அனுப்பியிருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம்மவர்கள் கோயிலுக்குக் கொடுப்பார்கள், தமிழ்ச் சங்கத்துக்குக் கொடுப்பார்கள். தினமும் காதில் விழுவதற்குக் கொடுக்கத் தோன்றாது. இனிமேலாவது கொடுங்கள்.

எண்ணெய்க் கம்பெனி ஊர் என்று ஹூஸ்டனை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அங்கே 90.1இல் கேபிஎஃப்டி இருக்கிறது. 1970இல் தொடங்கிய சில மாதங்களுக்குள் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் ஆட்கள் அதன் ஒலிபரப்புக் கருவிகளை இரண்டு முறை குண்டு வைத்துத் தகர்த்தார்கள். இரண்டு முறையும் மீண்டும் கட்டினார்கள். அந்த நிலையம் இன்றும் இருக்கிறது. வானொலிக்காக இவ்வளவு பட்ட ஊர் அமெரிக்காவில் வேறு எது? கேடிஆர்யூவும் சாகவில்லை. மாணவர்கள் இணையத்தில் பிடிவாதமாக நடத்தி, 2015இல் 96.1இல் குறைந்த சக்தி உரிமம் ஒன்று வாங்கித் திரும்பி வந்தார்கள். அந்த வகை உரிமத்துக்கு உச்சவரம்பு நூறு வாட். ஐம்பதாயிரம் இருந்த இடத்தில் நூறு. உங்கள் வீடு புறநகரில் என்றால் காரில் கேட்காது. ரைஸ் வளாகத்தை நெருங்கும்போது கேட்கும்.

சென்னை எஃப்எம் பற்றிய கேள்விக்குள் நான் போகவில்லை. ஏலத்தில் பணம் கட்டி அலைவரிசை எடுத்தவர்களிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கிய வளாக வானொலியோடு ஒப்பிடுங்கள், அப்போது பேசலாம்.

பையனுக்கு சாட்டிலைட் சந்தா வேண்டாம். அதில் எல்லா வகைக்கும் தனித்தனி சேனல், அவனுக்கு ஏற்கெனவே பிடித்த சேனலிலேயே உட்கார்ந்திருப்பான். ஒரு சனிக்கிழமை ராத்திரி அவனைக் காரில் ஏற்றி ரைஸ் வளாகத்தை ஒட்டிய மெயின் ஸ்ட்ரீட் பக்கம் கூட்டிப்போய் 96.1 வையுங்கள். பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், வாயைத் திறக்காதீர்கள். கேபிஎஃப்டிக்குத் தன்னார்வலர்கள் எப்போதும் தேவை, பதினான்கு வயதுப் பையனுக்கு என்ன வேலை இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். அவன் கிதாரில் என்ன வாசிக்கிறான் என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள்.