பனிக்காலம் கழிந்தபின் என்ஜின் ஒயில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2014ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா இருக்கிறது. வீட்டிலிருந்து நான்கு கிலோமீற்றர் தள்ளியுள்ள சுரங்க ரயில் நிலையம் வரை ஓட்டிச் சென்று, அங்கே நிறுத்திவிட்டு வேலைக்குப் போவது வழக்கம். பனிக்காலம் முழுவதும் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் சூடேறவிட்ட பிறகுதான் புறப்படுவேன். ஒக்டோபரில் ஒயில் மாற்றிய பிறகு 3,000 கிலோமீற்றர்கூட ஓடவில்லை. 8,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்று கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். சென்ற வாரம் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது, அதன் அடியில் மஞ்சளாக, திரிந்த பால் போல ஏதோ படிந்திருந்தது. என்ஜினுக்குள் உள்ள ஹெட் காஸ்கெட் என்ற அடைப்பு போய்விட்டது என்று நண்பர் பயமுறுத்துகிறார். ஒயிலை இப்போதே மாற்ற வேண்டுமா? அதை நானே செய்யலாமா?
வாசகர், ஸ்காபரோ

பதில்: மாற்றிவிடுங்கள். அந்தச் சீட்டில் எல்லோரும் கிலோமீற்றரை மட்டுமே வாசிக்கிறார்கள்; பக்கத்தில் உள்ள ஆறு மாதத்துக்கும் அதே மதிப்பு உண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. உங்களுடையதைப் போன்ற ஓட்டத்துக்கு அந்த ஆறு மாதமே நீளம் என்பேன்.

ஒயிலைக் கெடுப்பது குளிர் அல்ல, குளிரில் ஓடும் குறுகிய தூரம். என்ஜினுக்குள் பெற்றோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் ஒரு பகுதியும், குளிர்ந்த என்ஜினில் முழுமையாக எரியாத பெற்றோலும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலோடு கலக்கின்றன. ஒயில் நன்றாகச் சூடேறினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் மீற்றரில் நீங்கள் பார்ப்பது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற்றின் வெப்பத்தை. முள் நடுவுக்கு வந்த பிறகும் ஒயில் வெகுநேரம் குளிராகவே இருக்கும். நான்கு கிலோமீற்றரில் அது சூடாக வாய்ப்பே இல்லை. நின்ற இடத்தில் கால் மணி நேரம் ஓடவிடுவதும் உதவாது, ஏனெனில் அப்போது என்ஜின் மிக மெதுவாகவே சூடேறும், ஒயிலில் சேரும் பெற்றோல்தான் கூடும். கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் நேரம் ஓடவிட்டு, முதல் சில நிமிடங்கள் நிதானமாக ஓட்டினாலே போதும்.

இனி அந்த மஞ்சள் படிவு. மூடி என்ஜினின் மிகக் குளிர்ந்த பகுதிகளில் ஒன்று. நீராவி அங்கே படிந்து, ஒயிலோடு கலந்து அந்த நிறத்தைப் பெறுகிறது. குறுந்தூரம் ஓடும் கார்களில் ஒவ்வொரு மார்ச்சிலும் நான் காண்பது இது. ஆனாலும் ஹெட் காஸ்கெட் போனால் கூலன்ற் ஒயிலோடு கலக்கக்கூடும் என்பதால், நண்பர் சொன்னதைத் தள்ளிவிடாமல், என்ஜின் ஆறிய பிறகு இரண்டைப் பாருங்கள். ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைக் கடதாசியில் துடைக்கும்போது ஒயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருக்க வேண்டும். பால்தேநீர் போல இருக்கக்கூடாது. கூலன்ற் குறைந்திருக்கவும் கூடாது. இந்த இரண்டில் ஒன்று பிழையாக இருந்தாலும் காரை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கில் அளவு முன்பைவிடக் கூடியிருந்து, பெற்றோல் மணமும் வந்தால், ஒயில் நீர்த்துவிட்டது என்று பொருள்.

நீங்களே தாராளமாக மாற்றலாம். மாற்றும் முன், உப்புக் கரைசல் தோய்ந்த அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். உப்பால் இறுகிய வடிகால் போல்ற்றைச் சரியாகப் பொருந்தாத சாவியால் திருகித்தான் பலர் அதன் முனைகளை மழுங்கடிக்கிறார்கள். உங்கள் காருக்கு 14 மில்லிமீற்றர் சொக்கெற் பொருந்தும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். சமதரையில் ஜாக்கி ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரங்களுக்கு அடைகொடுத்த பிறகே கீழே செல்லுங்கள். என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒயில் இளகி வடியும், கையும் வேகாது. பதினைந்து நிமிடம் வடியவிடுங்கள். போல்ற்றுக்குப் புதிய வோஷர் போட்டு, முறுக்குவிசையின் அளவு காட்டும் சாவியால் 37 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்குங்கள்.

உங்கள் என்ஜினில் உள்ளது தகர டப்பா பில்டர் அல்ல. ஒரு மூடிக்குள் செருகும் காகித பில்டர். அந்த மூடியின் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய வளையம் கறுத்துத் தட்டையாகி, பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு, வளையம் என்றே தெரியாமல் கிடக்கும். நுனி மழுங்கிய சிறு கம்பியால் அதை எடுத்துவிட்டு, பில்டரோடு வரும் புதிய வளையத்தில் விரலால் புது ஒயில் தடவி, முறுக்கு விழாமல் பதியுங்கள். மூடிக்கு 25 நியூட்டன் மீற்றர் போதும். இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் காரில் ஒரு கராஜில் பழைய பில்டரின் ரப்பர் என்ஜினிலேயே ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் புதிய பில்டரைப் பூட்டிவிட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஒயில் பாதிக்கு மேல் ஒழுகிவிட்டது. இன்னும் சில கிலோமீற்றர் ஓடியிருந்தால் என்ஜின் மிஞ்சியிருக்காது.

பில்டரோடு சேர்த்து 4.2 லீற்றர் ஒயில் பிடிக்கும். முதலில் 4 லீற்றர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். அதற்குள் கீழே குனிந்து ஒழுகல் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். திகதி, கிலோமீற்றர், ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அடுத்த பனிக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள்.

கேள்வி: பனிக்காலத்தில் 0W-20 வகை ஒயில் சரி. கோடை வெயிலுக்கு அது மிக இளக்கமாக இருக்காதா? 5W-30க்கு மாறலாமா?
வாசகி, ஒட்டாவா

பதில்: உங்கள் காரின் கையேடு 0W-20 என்று சொன்னால் ஆண்டு முழுவதும் அதுவே. W என்ற எழுத்து பனிக்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்பதைச் சொல்கிறது. 0W ஒயிலைச் சுழியத்துக்குக் கீழே 35 பாகையிலும், 5W ஒயிலைச் சுழியத்துக்குக் கீழே 30 பாகையிலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகும் நிலைக்காகச் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் 20 என்பது 100 பாகைச் சூட்டில் உள்ள தடிப்பு. வெளியே வெயில் என்னவாக இருந்தாலும் சூடேறிய என்ஜினுக்குள் ஒயில் ஏறக்குறைய அந்த வெப்பத்தில்தான் இருக்கும். ஆகவே கோடைக்கென்று தனி ஒயில் தேவையில்லை.

கேள்வி: வடித்தெடுத்த பழைய ஒயிலை என்ன செய்வது?
வாசகர், ரொறன்ரோ

பதில்: புது ஒயில் வந்த போத்தலிலேயே ஊற்றி, இறுக மூடி, நகராட்சியின் கழிவு ஒப்படைப்பு நிலையத்தில் பில்டரோடு சேர்த்துக் கொடுங்கள். கூலன்ற்றோ வேறு எந்தத் திரவமோ அதில் கலக்கக்கூடாது. கலந்துவிட்டால் மீள்சுழற்சிக்கு உதவாது. தெருவோர மழைநீர் வடிகாலில் ஒரு துளியும் விடாதீர்கள். அதில் ஓடுவது சுத்திகரிக்கப்படாமல் ஓடைகள் வழியாக ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது, நாம் குடிக்கும் தண்ணீரும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது.