தம்பி இறந்தது தீயாலா, கிருமியாலா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. வேலை செய்த தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து 45 சதவீதத் தீக்காயம். தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். தேறி வந்தவனுக்குப் பத்தாம் நாள் காய்ச்சல். கட்டைப் பிரித்தால் பச்சையாகச் சீழ். 11-ம் நாள் கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) எடுத்தார்கள். சூடோமோனாஸ் கிருமி என்று 13-ம் நாள் ரிப்போர்ட் வந்தது. 15-ம் நாள்தான் மருந்தை மாற்றினார்கள். 17-ம் நாள் இறந்துவிட்டான். வார்டு சுத்தமில்லை. கையுறையை மாற்றாமல் அடுத்தடுத்த படுக்கைகளுக்குக் கட்டுப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். பெரிய டாக்டர் எங்களிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இப்போது பாக்கி பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். கம்பெனியோ, ஆஸ்பத்திரிக் கிருமிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறது. டாக்டர்கள் மீது போலீஸில் புகார் கொடுக்கப் போகிறேன். தம்பிக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள்.

பதில்: புகார் எழுதிவிட்டீர்கள் என்றால் அப்படியே மேஜை இழுப்பறையில் வையுங்கள். காரணம் சொல்கிறேன்.

டாக்டர் முகம் கொடுக்காதது, வார்டின் அழுக்கு, இதெல்லாம் உங்கள் வேதனை, வழக்கு ஆகாது. கையுறை விஷயம் ஆகலாம், ஆனால் அதைப் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான். மருத்துவமனையில் இருக்கும்போது கிருமி தொற்றியது என்பதை மட்டும் வைத்து அலட்சியத்தை நிரூபிக்கவும் முடியாது. தோல் போன உடம்பில் கிருமிக்குத் தடுப்புச் சுவரே கிடையாது. நோயாளியின் சொந்தத் தோலிலும் குடலிலும் இருக்கும் கிருமிகளே புண்ணுக்கு வந்து சேரும். நல்ல தீக்காயப் பிரிவுகளிலும் சூடோமோனாஸ் வரத்தான் செய்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் சொல்லப்போவது இதைத்தான்.

மருத்துவமனைக்கு எதிராக உங்களிடம் உள்ள ஒரே சரக்கு, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த இரண்டு நாள்: 13-ல் ரிப்போர்ட், 15-ல் மருந்து. அதுவரை கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படாது என்று ரிப்போர்ட்டிலேயே இருந்தால் அலட்சியம் என்று வாதிடலாம். அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. அந்த இரண்டு நாள் முன்னதாக மாற்றியிருந்தால் தம்பி பிழைத்திருப்பார் என்று ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும். 45 சதவீதத் தீக்காயத்தில் அதைத் துணிந்து எழுதித் தரும் மருத்துவரைத் தேடுவது சுலபமில்லை. சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். முதலில் அதை வாங்குங்கள்.

இனி, என்னிடம் வழக்குக் கொண்டுவந்த கட்சிக்காரர்கள் விழுந்து நான் பார்த்திருக்கும் குழிக்கு வருகிறேன். பெரிய வழக்கு ஆஸ்பத்திரி மீது இல்லை, கம்பெனி மீது இருக்கிறது. வேலை நேரத்தில், வேலையால் நேர்ந்த விபத்து. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் (முன்பு 1923-ம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) கம்பெனியின் தவறை நிரூபிக்கத் தேவையே இல்லை. மரணம் நேர்ந்த வழக்கில் 'அவர் பாதுகாப்பு விதியை மீறினார்' என்ற சாக்கும் எடுபடாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. அப்புறம், காயத்தின் விளைவாக வந்த கிருமித்தொற்று சாதாரணமாக அந்தக் காயத்தோடு சேர்ந்ததுதான். கம்பெனி சொல்வது சட்டப்படி பலவீனமான வாதம்.

அதைப் பலமாக்கித் தரப்போவது நீங்கள்தான். 'டாக்டர்கள்தான் என் தம்பியைக் கொன்றார்கள்' என்று போலீஸில் எழுதிக் கொடுத்த மறுநாளே அதன் நகல் கம்பெனியின் இன்சூரன்ஸ் வக்கீல் கைக்குப் போய்விடும். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் அதிகாரி முன் குறுக்கு விசாரணையில் தம்பி மனைவியிடம் ஒரே கேள்வி: 'ஆஸ்பத்திரி ஒழுங்காகப் பார்த்திருந்தால் உங்கள் கணவர் பிழைத்திருப்பார், சரிதானே?' ஆமாம் என்றால் கம்பெனி மீதான வழக்கு ஆட்டம் காணும். இல்லை என்றால் ஆஸ்பத்திரி மீதான புகார் பொய்யாகிவிடும். இந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்ற விதவைகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் புகாராவது தேறுமா? அதுவும் சந்தேகம். டாக்டர் மீது கிரிமினல் வழக்கு என்றால் மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், இன்னொரு மருத்துவரின் சுதந்திரமான கருத்தும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. பெரும்பாலும் மருத்துவக் குழு 'அலட்சியம் இல்லை' என்று எழுதும். பிறகு நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அந்த அறிக்கையைத்தான் மருத்துவமனை முதல் ஆவணமாகத் தாக்கல் செய்யும்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'தீக்காயத்தைத் தொடர்ந்த செப்டிசீமியா' (ரத்தத்தில் கிருமி பரவிய நிலை) என்பது போல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வரியை எதிர்த்து யாரிடமும் வாதாடாதீர்கள். உங்கள் குடும்பத்துக்குச் சோறு போடும் வரி அது.

இன்னொன்று. மனுதாரர் நீங்கள் இல்லை. அண்ணன் சட்டத்தின் கண்ணில் சார்ந்திருப்பவர் ஆக மாட்டார். மனு போட வேண்டியவர் தம்பி மனைவி, தனக்காகவும் குழந்தைக்காகவும். தம்பி சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்திருந்தால் இந்தச் சட்டத்துக்குப் பதில் இ.எஸ்.ஐ.யிடம் சார்ந்தோர் உதவித்தொகை கேட்க வேண்டும். இல்லையென்றால் இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் இழப்பீட்டு அதிகாரியிடம் மனு. அதற்குள் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து இழப்பீடு என்று ரொக்கம் நீட்டினால் வாங்காதீர்கள். மரண வழக்கில் அந்த அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். அந்த இரண்டு நாளைப் பேரம் பேசப் பயன்படுத்துங்கள். பாக்கி பில் தள்ளுபடியோடு விடாமல், ஏற்கெனவே கட்டியதில் ஒரு பகுதியையும் கேளுங்கள். ஆனால் இப்போது நீட்டும் தாளில் கையெழுத்து வேண்டாம். அதில் மரணத்துக்கான காரணம் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. 'வேறு யார் மீதும் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வாசகம் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். கம்பெனி மீதான உரிமையைப் பாதிக்காது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்து தம்பி மனைவியுடையதாக இருக்கட்டும், அவர் படித்துப் பார்த்த பிறகு.