தண்ணி சப்ளை பண்றவங்க பில் கணக்கையும் பைப் விவரத்தையும் ஏன் சேர்த்தே ரிப்போர்ட் பண்ணணும்?

ரெண்டையும் தனித்தனியா பார்த்தா ஒண்ணும் புரியாது, அதான். பிளான்ட்ல இருந்து 100 லிட்டர் விட்டு 70 லிட்டருக்குத்தான் பில் போட்டிருந்தா மீதி 30ஐ வருவாய் இல்லாத தண்ணின்னு சொல்வாங்க. பஸ்ல 50 பேர் இருக்காங்க, ஆனா 35 டிக்கெட்தான் கிழிச்சிருக்குன்னா எப்படியோ அப்படி.

பைப் எவ்வளவு பழசு, மீட்டர் எந்த வருஷம் மாட்டினது, ராத்திரி 2 மணிக்கு எல்லாரும் தூங்குறப்பவும் மெயின் லைன்ல எவ்வளவு ஓடுது, இதெல்லாம் தெரிஞ்சாதான் அந்த 30 எங்க போச்சுன்னு பிடிக்க முடியும் (பழைய மீட்டர்ல டேப் சொட்டு சொட்டா ஒழுகினா முள்ளே நகராது, அது தனிக் கதை).

நிறைய பேர் அது முழுக்க லீக்குன்னு நினைக்கிறாங்க, இல்லைங்க, திருட்டு கனெக்‌ஷன், மெதுவா ஓடுற மீட்டர், தீயணைக்க எடுத்த தண்ணி எல்லாமே அதுக்குள்ளதான் வருது.